இடுப்பிலிருந்த லாட ஆணி

எங்கள் வலங்கைமான் பக்கத்தில் எவ்வளவு ஆழம் வெட்டினாலும் கல் வராது. களிமண், அதற்குக் கீழே மணல், மறுபடியும் களிமண். வீடு கட்டக் கல் வேண்டுமென்றால் லாரியில்தான் வரவேண்டும். அப்படிப்பட்ட ஊர்க்காரர்களான நானும் என் மைத்துனனும் பூமிக்குள் கிடக்கும் பாறையை அளக்கிற வேலைக்குப் போனோம். அவனுக்கு அந்த வேலை போனது என்னால். இதை எழுதுவதற்கு முன் இரண்டு பேரிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன்.

வேலைக்குப் போவதற்கு முந்தைய கோடையில் என் அண்ணன் பம்புசெட் கொட்டகையில் கரண்டு அடித்து இறந்தார். கட்டையால் வயரைத் தட்டிவிட்டு, அவரைத் தூக்கிவந்து வரப்பில் கிடத்தியவன் நான். அதன்பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. வாய்க்கால் பக்கம் தனியாக நடந்தால் பின்னால் யாரோ வருவது போலிருக்கும். இப்படிப் பயந்தவன் உடம்பில் இரும்பு இருக்கவேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் மனைவி ஒரு பழைய மாட்டு லாட ஆணியைத் தேடியெடுத்து, துருவைத் தேய்த்து, என் அரைஞாண் கயிற்றில் முடிந்துவிட்டாள். குளிக்கும்போதும் கழற்றக்கூடாது என்றாள். நான் கழற்றவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கம் வந்தது.

அந்த வருடம் ஆற்றில் தண்ணீர் நேரத்துக்கு வராமல் குறுவை நடவு இல்லை. போர்வெல் வேலைக்கு ஆள் சேர்க்கிற ஒருவர் எங்கள் இருவரையும் கர்நாடக எல்லைப் பக்கம் கூட்டிப்போனார். போன இடத்தில் தங்கம் தேடுகிற கம்பெனி ஒன்று கூடாரம் போட்டிருந்தது. அங்கே நிலவியல் படித்த ஒரு பெண் இருந்தார். சேலத்துக்காரர், எங்களைவிட மிகவும் இளையவர். பத்துப்பேரை வரிசையாக நடக்கவிட்டுப் பார்த்து, எங்கள் இருவரையும் தனியே நிறுத்திக்கொண்டார். வரப்பில் நடந்து பழகிய கால் அல்லவா, ஒரே சீராக, ஒரே கோட்டில் நடந்திருக்கிறோம்.

வேலை அதுதான், நடப்பது. முதுகில் ஒரு பெட்டி. அதிலிருந்து மேலே போகும் தடியின் நுனியில் ஓர் உருளை. அது பூமியின் காந்தத்தை அளந்துகொண்டே வரும். முள்ளோ பாறையோ, கோடு விலகாமல் போய், சற்றுத் தள்ளி அடுத்த கோட்டில் திரும்பி வரவேண்டும். மேற்குப் பாதி எனக்கு, கிழக்குப் பாதி அவனுக்கு.

“தங்கத்த இது காட்டாதுண்ணா,” என்று முதல் நாளே மேடம் சொன்னார். “பாறை எங்க வளஞ்சிருக்கு, எங்க ஒடஞ்சிருக்குன்னு காட்டும். ஒடஞ்ச எடத்துலதான் தங்கம் வந்து தங்கியிருக்கும். இருந்தா.”

உடம்பில் இரும்பு இருக்கக்கூடாது என்பதில் மட்டும் அவர் மிகவும் கண்டிப்பு. தினமும் காலையில் போன், சாவி, கத்தி, பெல்ட் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கூடையில் போடச்சொல்லிவிட்டு, வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்பார். முதல் நாள் நான் வாய் திறப்பதற்குள் என் மைத்துனன் முந்திக்கொண்டான். “எங்க அத்தான் ஒடம்புல இரும்பே கெடையாது மேடம். ரத்தத்துலயே இல்லன்னு ஆஸ்பத்திரில எழுதிக் குடுத்துருக்காங்க.” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு இளம்பெண் முன்னால் சட்டையைத் தூக்கி, அரைஞாணைக் காட்டி, பேய்க்குப் பயந்து கட்டியிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? விரல் நீளம்கூட இல்லாத ஆணி, அது என்ன செய்துவிடப்போகிறது என்றும் நினைத்தேன்.

இடையில் ஒருமுறை மைத்துனன் காலுறைக்குள் போன் வைத்திருந்து மாட்டிக்கொண்டான். அவன் மனைவிக்கு அது பிரசவ மாதம். மேடம் எச்சரித்ததோடு விட்டுவிட்டார்.

முழு இடத்தையும் நடந்து முடித்தபிறகு ஒருநாள் எங்களைக் கூப்பிட்டு லேப்டாப்பைக் காட்டினார். நிறம் நிறமாக ஒரு படம். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. அதற்கு இந்தப் பக்கம் ஒரு சாயல், அந்தப் பக்கம் வேறு சாயல், இரண்டு துண்டுத் துணியைச் சேர்த்துத் தைத்தது போல. இவ்வளவு நேராகப் பாறை உடையாது என்றார். அந்தக் கோடு சரியாக என் பாதியும் அவன் பாதியும் சேருகிற இடத்தில் இருந்தது. எங்கள் இருவரில் யாரோ ஒருவர் தினமும் இரும்போடு நடந்திருக்கிறார்.

யார் என்று கேட்டார். எல்லார் கண்ணும் அவன் மேல் போனது. அவன், புதிதாகப் பிறந்திருந்த தன் பிள்ளைமேல் சத்தியம் செய்தான். என் இடுப்பில் ஆணி ஒரு சுமை போலக் கனத்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எப்போதும் அப்படி நிற்கிறவன்தானே, யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை அவனை பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். “நீங்களாவது நம்புறீங்களா அத்தான்?” என்று கேட்டான்.

“நம்புறேன் மாப்ள,” என்றேன். அது பொய்யில்லை.

அவன் நடந்த பாதியையும் என்னையே மறுபடி நடக்கச் சொன்னார்கள். அந்த நாட்களில் எத்தனையோ தடவை முடிச்சில் கைவைத்தேன். ஆனால் இப்போது கழற்றினால் புதுக் கணக்கு என் பழைய பாதியோடு ஒத்துப்போகாது, நான்தான் என்று தெரிந்துவிடும். கழற்றாமலே நடந்தேன். இரண்டு பாதியிலும் அதே ஆணி நடந்ததால் படத்தின் நடுவிலிருந்த கோடு மறைந்துவிட்டது. “பாத்தீங்களாண்ணா, இப்ப எப்படிப் பொருந்துது,” என்றார் மேடம். அவன் பொய்யன் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி யாருக்கும் தேவைப்படவில்லை. படத்தில் நீலமாக ஒரு பட்டை ஆற்று வளைவு போல வந்து, ஓரிடத்தில் அறுந்து, சற்று விலகி மறுபடி ஓடியது. அறுந்த இடத்தில் துளை போடப்போவதாகச் சொன்னார். போட்டார்கள். பெட்டி பெட்டியாகக் கல் எடுத்தார்கள். பிறகு கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். தங்கம் இருந்ததா என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

நான் ஊருக்குத் திரும்புவதற்குள், குத்தாலத்தில் தன் வீட்டுக்குப் போயிருந்த அவன் வாழ்க்கை வேறாகிவிட்டது. அக்காள் வீட்டுக்காரர் பேரைக் கெடுத்தவன் என்று என் மனைவியே போனில் அவனைத் திட்டித் தீர்த்திருந்தாள். அவனை நம்பி மறுபடி வெளியூர் வேலைக்குக் கூப்பிட ஆளில்லை. பட்டுக்கோட்டைப் பக்கம் தேங்காய் பறிக்கப் போனான். பழக்கமில்லாத வேலை. மரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாமல் போயிற்று.

விழுந்தபிறகு என் மனைவி தம்பியைப் பார்க்கப் போய்வர ஆரம்பித்தாள். ஆனால் மனதிலிருந்தது போகவில்லை. ஒருநாள் நானும் கூட இருந்தேன். பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், அவன் காதுபடவே சொன்னாள்: “ஒழுங்கா உண்மையச் சொல்லிட்டு அங்கயே இருந்திருந்தா இன்னைக்கு மரம் ஏறியிருப்பானா?” அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவனால் திருப்ப முடிந்தது அதுதான்.

மறுநாள் தனியாகப் போனேன். அவன் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போயிருந்தாள். அரைஞாணை அறுத்து, ஆணியை அவன் கையில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேனா என்று நினைவில்லை. அவன் ஆணியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

“எங்கிட்ட எதுக்கு அத்தான் சொல்றீங்க,” என்றான். “நான் ஒண்ணும் வச்சிருக்கலன்னு எனக்குத் தெரியாதா? அக்காகிட்ட போயி சொல்லுங்க.”

வீட்டுக்கு வந்தபோது அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, பம்புசெட் கொட்டகையிலிருந்து தொடங்கிச் சொன்னேன். கீரை உருவுவதை அவள் நிறுத்தவில்லை. முடித்தபிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அவனை அனுப்புன பெறகு திரும்ப நடந்தீங்கல்ல, அப்பவும் இடுப்புலதான் இருந்துச்சா?”

“ஆமா.”

கீரையை அப்படியே முறத்தில் போட்டுவிட்டு எழுந்தாள். நாலு புடவையைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். இப்போது தம்பி வீட்டில்தான் இருக்கிறாள்.

ஒன்றுவிட்டு ஒருநாள் நான் குத்தாலம் போகிறேன். அவனைத் தூக்கிக் குளிப்பாட்ட ஒரு ஆண் வேண்டும். நான் பின்னாலிருந்து தாங்கிக்கொள்வேன். அவள் தண்ணீர் மொண்டு ஊற்றுவாள், என்னைப் பார்க்காமல். சூடு போதுமா என்று எங்கள் இருவரில் ஒருவர்கூடக் கேட்பதில்லை. அவனாகவே சொல்வான், போதும் என்று.