மிச்சக் கதையை அக்கா சொல்வாள்

பூச்சி அரிக்காமலிருக்க மைதாப் பசையில் போடும் மயில்துத்தம் கரையும்போது எழும் காட்டமான வாடைக்கு, என் நினைவில் மாலை ஏழு மணி என்று பெயர். திருத்தங்கலில் எங்கள் வீட்டு ஒற்றை அறையில், வெடிக்கான காகிதக் குழாய்களைச் சுருட்டி ஒட்டியபடி தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். ஒழுங்காகப் படம் தெரிகிற டிவி அந்தத் தெருவில் எங்களிடம்தான் இருந்தது.

வடக்கேயிருந்து வந்து தமிழ் பேசிய ஒரு சரித்திரத் தொடர் அப்போது ஓடியது. ஒன்பது வயதில் ஒரு கிழவருக்குப் பேசி முடிக்கப்பட்டு, மாட்டுக் கொட்டடியில் ஒளிந்து எழுத்துப் படித்து, ஊர்ச் சபையில் நின்று கல்யாணம் வேண்டாம் என்று சொல்கிற பெண்ணின் கதை. திரையில் வரும் தகப்பனை அம்மா வாய்க்கு வந்தபடி திட்டுவாள். "பச்சப்புள்ளையப் பிடிச்சுக் கட்டி வைக்கானே, வெளங்குவானா இவன்?" அநியாயம் பட்டும் ஒட்டியாணமும் அணிந்து, நூறு வருடத்துக்கு அந்தப் பக்கம் நடந்ததால் அழுவது எங்களுக்குச் சுலபமாக இருந்தது.

மின்வெட்டு வருடங்கள் அவை. சபை கூடி, அந்தப் பெண் வாயைத் திறக்கும் நேரம் பார்த்துக் கரண்ட் போகும். "ஏ செல்வி, மிச்சத்த நீ சொல்லு" என்று இருட்டிலிருந்து குரல் வரும். பத்தாவது எழுதி முடித்திருந்த என் அக்கா, துப்பட்டாவை முக்காடாகப் போட்டுக்கொண்டு, தொடரில் வரும் அதே தமிழில், மிச்சக் காட்சியைத் தன் இஷ்டத்துக்கு நடித்துக் காட்டுவாள். "தந்தையே" என்று அவள் ஆரம்பித்தாலே சிரிப்பு கிளம்பிவிடும். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா அத்தை அவளைக் "கரண்டு வேண்டாத டிவி" என்பாள்.

அந்த வைகாசியில் விஸ்வநத்தத்திலிருந்து அக்காவுக்குப் பூ வைக்க வந்தார்கள். அவளுக்குப் பதினாறு வயது. "நல்ல எடம், சீசனுக்கு முன்னால கையோட முடிச்சிருவோம்" என்று அம்மா சொல்லியிருந்தாள். பிளஸ் ஒன் விண்ணப்பத்தை அக்கா என் புத்தகப் பையில் ஒளித்து வைத்திருந்தாள். காலையில் எனக்குச் சடை பின்னிவிட்டபடி, "எல்லார் முன்னாலயும் சொல்லிருவேன். நீ மட்டும் எம்பக்கத்துல நில்லு" என்றாள். பதினொரு வயதுக்காரி நான். சரி என்று தலையை ஆட்டினேன்.

மாப்பிள்ளையின் அம்மா பூவை எடுத்து அக்காவின் தலைப்பக்கம் கொண்டுபோனார். அக்கா ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். "இந்தத் திருமணத்தில் எனக்கு விருப்பமில்லை. நான் கல்வி கற்க வேண்டும்" என்றாள். மாட்டேன் என்று ஒரு பெண் பெரியவர்கள் முன்னால் சொல்லி அவள் கேட்டது அந்தத் தொடரில் மட்டும்தான். வேறு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

பேச்சியம்மா அத்தை கையைத் தட்டினாள். "ஒண்ணுமில்ல மதினி, அது நாடகம். கரண்டு போச்சுன்னா எங்களுக்கு இவதான் டிவி." எல்லோரும் சிரித்தார்கள். அக்கா அதையே இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். சிரிப்பு இன்னும் கூடியது. "நம்ம வீட்டுக்கு வந்து நடிச்சுக் காட்டட்டும்" என்றபடி மாப்பிள்ளையின் அம்மா பூவை வைத்துவிட்டார். விஷயம் தெரிந்துதான் அத்தை அப்படிச் சொன்னாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்று ஏழு மணிக்கு வழக்கம்போல் எல்லோரும் வந்தார்கள். வழக்கம்போல் கரண்ட் போனது. மிச்சக் கதையைக் கேட்டார்கள். "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு அக்கா குழாயைச் சுருட்டினாள்.

இப்போது கரண்ட் போவதில்லை. குழாய் சுருட்டும் வேலையும் வீடுகளுக்கு வருவதில்லை. யாரும் யார் வீட்டிலும் போய் உட்கார்ந்து தொடர் பார்ப்பதில்லை. ஆளுக்கொரு போன் இருக்கிறது. நான் படித்து, சூலக்கரையில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மேலே படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது வீட்டில் யாரும் மறுக்கவில்லை. அதை நினைத்தால் சந்தோஷமும் வருவதில்லை, வருத்தமும் வருவதில்லை. அக்கா கதையைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் சிரித்தார்கள் என்று முடிப்பேன். கேட்பவர்கள் எங்கள் தெருவைத் திட்டுவார்கள்.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வெடிக் கம்பெனியிலிருந்து வந்தவள், நகக்கண்ணில் ஏறிய வெள்ளிப் பொடியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். என்ன தோன்றியதோ, "அன்னைக்கு அவுக சிரிச்சிருக்கக் கூடாதுக்கா" என்றேன்.

"அவுகளுக்கு என்ன தெரியும்?" என்றாள், திரும்பாமலே. "தெரிஞ்ச நீயும்ல சிரிச்ச."

குரலில் கோபம் இல்லை. கையைத் துடைத்துவிட்டு வந்து சோறு போட்டாள். சாப்பிட்டேன்.