நாலு அங்குலம்

ஊரில் அவரை எல்லோரும், மட்டம் பார்க்கிற குமிழிக் கருவியின் பேரால், ரசமட்டம் என்றே கூப்பிடுவார்கள். கொத்தனார் வேலையில் நூல் பிசகாத மனிதர். பூசி முடித்த சுவரைக் கன்னத்தைத் தடவுவது போலத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சட்டையை மாட்டுவார். முப்பது வருடத்தில் எத்தனையோ வீடு கட்டியவருக்குச் சொந்தமாக ஒரு செங்கல்கூட இல்லை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் பதினோரு வாடகை வீடு மாறியாகிவிட்டது.

அவர் மனைவி கொஞ்சம் குள்ளம். குடிபோன வீடுகளில் எல்லாம் அடுப்பு மேடை அவளுக்கு எட்டாது. பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றுதான் சமைப்பாள். வீடு மாறும்போது வண்டியில் முதலில் ஏறுவதும் அந்தப் பச்சைப் பக்கெட்டுதான்.

அந்த வருடம் ஆண்டவன் கண் திறந்தான். பழைய லாரிகள் துருப்பிடித்துக் கிடந்த நகராட்சி இடத்தில் நாற்பத்தெட்டு வாடகை வீடு கட்டத் தீர்மானம் ஆனது. நிலம் நகராட்சியுடையது. செலவில் பாதி அரசு தந்தது, மீதிக்கு நகராட்சியே கடன் வாங்கியது. வருகிற வாடகையில் கடனும் அடையும், வருடா வருடம் வெள்ளையும் அடிக்கலாம் என்று கணக்கு. வாடகை சம்பளத்தில் கால்பங்கைத் தாண்டாது. அதை ஒழுங்காகக் கட்டுகிறவரை யாரும் "காலி பண்ணு" என்று வாசலில் வந்து நிற்க முடியாது. ரசமட்டத்துக்கு அங்கேயே வேலையும் கிடைத்தது. வீடு கேட்டு மனுவும் போட்டார்.

ஆசை யாரை விட்டது? ஒரு நாள் மனைவியைச் சுவரோரம் நிறுத்தி, அவளுக்குத் தோதான மேடை உயரத்துக்கு ஒரு குச்சியை வெட்டினார்.

"வீடே இன்னும் வரல, அதுக்குள்ள மேடைக்கு அளவா? நல்ல ஆளுங்க நீங்க" என்று அவள் சிரித்தாள்.

அந்தக் குச்சி அவருடைய சாமான் பையில் போய் விழுந்தது. நகராட்சி அளவுக் குச்சியும் அதே பையில்தான். கீழ்த்தளத்து மூலை வீட்டில் மேடை போட்ட அன்று கைக்கு வந்தது மனைவியின் குச்சி. கல் பதித்து, மெருகேற்றி, பையை மூடும்போதுதான் நகராட்சிக் குச்சி உள்ளேயே கிடப்பதைப் பார்த்தார். மேடை நாலு அங்குலம் தாழ்ந்திருந்தது. யாரிடமும் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

குலுக்கலில் அவருக்கு மூன்றாம் மாடியில் வீடு விழுந்தது. மூலை வீடு ஒரு பஸ் டிரைவருக்குப் போனது. ஆள் கதவுநிலை உயரம். ரசமட்டத்துக்குச் சோறு இறங்கவில்லை. சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தவர், கும்பிடவும் கை வராமல் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"போய்ச் சொல்லிட்டு வாங்க."

"பட்டியல்ல பேரை அடிச்சிட்டா?"

"பன்னெண்டாவது வீடு பாப்போம். பக்கெட்டு இருக்குல்ல?"

மறுநாள் உளி, சுத்தியலோடு போய் நகராட்சி என்ஜினியர் அம்மாவிடம் சொன்னார்.

"சாவி கொடுக்க ரெண்டு நாள்தான் இருக்கு. இப்ப வந்து சொல்றீங்களே மேஸ்திரி! உங்க பேரே ரசமட்டம்!" என்று பொரிந்து தள்ளிவிட்டு, அந்த அம்மா விறுவிறுவென்று மூலை வீட்டுக்கு நடந்தார். இவர் பின்னாலேயே ஓடினார்.

அங்கே டிரைவர் வீடு பார்க்க வந்திருந்தார். அவர் தள்ளிக்கொண்டு வந்த சக்கர நாற்காலியில் அவர் மனைவி. அந்தப் பெண் தானே சக்கரத்தை உருட்டி மேடையடியில் நுழைந்தாள். முழங்கால் உள்ளே போனது. இரண்டு கையும் மேடைமேல் சுகமாக அமர்ந்தன.

"ஏங்க, இங்க பாருங்க! இனிமே நானே சமைக்கலாம்."

"போச்சுடா! என் சமையலுக்கு இன்னியோட ஓய்வா?" என்றார் டிரைவர்.

"உங்க சமையலுக்கு எப்பவோ ஓய்வு குடுத்திருக்கணும்" என்றவள் என்ஜினியர் பக்கம் திரும்பி, "யாரும்மா இது, எனக்குன்னே அளவெடுத்துப் போட்டது?" என்று கேட்டாள்.

என்ஜினியர் ரசமட்டத்தைப் பார்த்தார். ரசமட்டம் தரையைப் பார்த்தார். அந்த அம்மா அவர் பையிலிருந்த மட்டக்கருவியை வாங்கி மேடைமேல் வைத்தார். குமிழி நட்டநடுவில் நின்றது.

"தப்பாப் போட்டாலும் மட்டமாத்தான் போட்டிருக்கீங்க" என்று சிரித்துவிட்டார். "உளியைப் பையில போடுங்க. அடுத்த கட்டடத்துல கீழ்த்தளத்து ரெண்டு வீட்டுக்கு இதே உயரம். அந்தக் குச்சியை என்கிட்ட குடுத்துட்டுப் போங்க."

"என் பேரு, மேடம்?"

"பட்டியல்ல இருக்கு. போய்ப் பால் காய்ச்சுங்க."

மூன்றாம் மாடியில் மேடை நகராட்சி அளவில் நெஞ்சுயரத்துக்கு நின்றது. மனைவி இடுப்பில் கை வைத்தாள்.

"ஊராருக்குக் குட்டை மேடை, கட்டின பொண்டாட்டிக்கு நெட்டை மேடையா?"

அன்று சாயங்காலமே அனுமதி வாங்கி, மேடைக்கு முன்னால் நாலு அங்குல உயரத்தில் ஒரு திட்டு கட்டினார். இந்த முறை டேப்பால் மூன்று தடவை அளந்தார். ஈரம் காய்ந்ததும் அவள் ஏறி நின்று பார்த்தாள். முழங்கை சரியாக அமர்ந்தது.

"அப்ப இந்தப் பக்கெட்டை என்ன பண்றது?"

"தண்ணி பிடி" என்றார்.

பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு அந்தப் பச்சைப் பக்கெட்டு நிமிர்ந்து நின்றது.