ராசையாவுக்கு ஒரு பூசை

மகள் வெண்ணெயில் மீன் பொரிக்கிறாள். பாசல் நகரத்தில் எங்கள் சமையலறைச் சன்னல் ட்ராம் பாதையைப் பார்த்தபடி இருக்கிறது. திறந்து வைத்தாலும் அந்த மணம் வெளியே போவதில்லை. நல்லெண்ணெயில் பொரித்தால் என்ன என்று நான் கேட்பதில்லை. கேட்டால், "அப்பா, நீங்கள்தானே சுவிஸ் சமையல் பழகச் சொன்னனீங்கள்" என்பாள். ஆகவே எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறேன். அங்கேயும் மணம் வருகிறது. அது என்னைச் செம்பாக் ஏரிக்கரையில் கொண்டுபோய் விட்டுவிடும்.

அந்த ஏரிக்கு அருகே ஒரு விடுதியில்தான் இந்த நாட்டில் எனக்கு முதல் வேலை. கோப்பை கழுவுவது. ஏரி மீனை வெண்ணெயில் பொரித்து நீள்வட்டத் தட்டில் வைத்து அனுப்புவார்கள். தட்டு முள்ளோடு எங்களிடம் திரும்பி வரும். எங்களிடம் என்றால் என்னிடமும் பாலனிடமும். பாலன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன், இலங்கையில் அளவெட்டி ஊர்க்காரன். இருவரும் விடுதியின் கூரையறையில் இருந்தோம். இருவருடைய அகதி விண்ணப்பமும் பேர்ண் நகரத்தில் எங்கோ ஒரு மேசையில் இருந்தது.

அப்போதே நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். முதலில் வானிலை, பிறகு சாப்பாடு, பிறகுதான் மற்றவை. பாலனுக்கு அது பெரிய பகிடி. "மழை பெய்ததை நீ எழுதாட்டி அது திரும்பி மேலை போயிடுமோ?" என்று கேட்பான். இன்றைக்கும் வானிலையில்தான் தொடங்குகிறேன். சில பழக்கங்களுக்கு மருந்தில்லை.

எண்பத்தாறாம் ஆண்டு யூலையில் அந்தப் பக்கமெல்லாம் கொடிகள். அங்கே நடந்த ஒரு போரின் அறுநூறாவது ஆண்டாம். கோப்பைகள் மலையாகக் குவிந்தன. கூட்டம் வடிந்த பிறகு ஒரு மத்தியானம், விடுதிக்காரி எங்களைத் தன் காரில் ஏற்றிப் போர்க்களத்துக்குக் கூட்டிப்போனாள். எங்களுக்குள் அவளை 'மனுசி' என்றுதான் சொல்லிக்கொள்வோம். நல்ல உயரம், ஆண்களைப்போல் கைகள், விதவை. எங்களுக்கு விளங்கவேண்டும் என்பதற்காக நிறுத்தி நிறுத்தி ஜெர்மன் பேசுவாள்.

போர்க்களம் என்று அவள் காட்டியது ஒரு புல்வெளி. மாடுகள் மேய்ந்தன.

பாலன் ஏன் சண்டை வந்தது என்று கேட்டான். அப்போது சுவிஸ் என்றொரு நாடு சரியாகப் பிறக்கவில்லை, சில பள்ளத்தாக்குகளும் பட்டணங்களும் செய்துகொண்ட உடன்படிக்கைதான் இருந்தது என்றாள். எதிரே ஹப்ஸ்பர்க் வம்சம். பின்னாளில் பாதி ஐரோப்பாவை ஆண்ட பேரரசு. சண்டைக்குக் காரணம் ஒரு சுங்கச்சாவடி. லுட்செர்ன் பட்டணத்துக்காரர் போய் அதை இடித்துவிட்டார்கள்.

"ஒரு சுங்கச்சாவடிக்காகவா இத்தனை பேர் செத்தார்கள்?" என்றான் பாலன்.

"சாவடி கடைசியாக வந்தது. அதற்கு முன்னால் நெடுங்காலமாக எங்களைக் கேட்காமலே எங்களைப் பற்றி முடிவெடுத்தார்கள்."

பாலன் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னான். "மனுசி எங்கடை கதையையெல்லோ சொல்லுது."

எங்களுடைய அகதி விசாரணையிலும் முதல் கேள்வி அதுதான், ஏன் சண்டை. நான் சோல்பரி அரசியலமைப்பில் தொடங்கிப் பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தல்வரை வரிசையாகச் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் கொட்டாவி விட்டார். ஒரு சுங்கச்சாவடி இருந்திருந்தால் எனக்கும் இலகுவாக இருந்திருக்கும்.

புல்வெளியின் ஓரத்தில் ஒரு சிறிய கிறிஸ்தவக் கோயில். உள்ளே குளிர்ந்த கல்லும் மெழுகும் மணத்தன. சுவர்களில் செத்தவர்களின் பெயர்கள், இரண்டு பக்கத்தவருடையவையும். சண்டையில் மாண்ட ஹப்ஸ்பர்க் கோமகனும் அவனுடைய பிரபுக்களும்கூட இருந்தார்கள். எதிரியை ஏன் எழுதியிருக்கிறீர்கள் என்று நான் கேட்டேன். "அவர்களையும் நாங்கள்தானே புதைத்தோம்" என்றாள் மனுசி. ஒவ்வொரு ஆண்டும் அவர்களுக்குப் பூசை உண்டாம். அறுநூறு ஆண்டுகளாக.

நாங்கள் வெளியே வந்த பிறகும் பாலன் உள்ளேயே நின்றான். போய்ப் பார்த்தேன். ஒரு பெயரில் விரலை வைத்துக்கொண்டு நின்றான். அது யாருடைய பெயரோ.

அவனுடைய தம்பியை முந்தின ஆண்டு ஒரு இராணுவச் சுற்றிவளைப்பில் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சந்தைக்குப் போன பெடியன். அதற்குப் பிறகு தகவலில்லை. உடலுமில்லை, நாளுமில்லை. நாள் தெரியாமல் திவசம் செய்யவும் முடியாது. தகப்பன் ராசையா முகாம் முகாமாக நடந்துகொண்டிருந்தார்.

மனுசிக்கு இது தெரியவந்தபோது அவள் தன் ஊர் வழக்கப்படி ஒரு வழி சொன்னாள். அங்கே இறந்தவருக்காக ஊர்க் கோயிலில் ஆண்டுப் பூசை ஏற்படுத்துவார்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு, குறித்த ஞாயிறன்று அவர் பெயரைச் சொல்லிப் பூசை நடக்கும். தன் கணவருக்கு நடக்கும் ஞாயிறிலேயே தம்பிக்கும் ஏற்படுத்தித் தருகிறேன் என்றாள். சைவக்காரர் என்றால் பரவாயில்லை, பாதிரியாரோடு தான் கதைத்துக்கொள்வாளாம்.

பாலன் பல நாட்கள் தட்டு துடைத்தபடி அதையே கதைத்தான்.

"பேர் குடுத்தா முடிஞ்சுது மச்சான். நானே அவனைச் சாக்காட்டினதாப் போகும்."

"அப்ப குடுக்காதை."

"குடுக்காட்டி, ட்ரெயினிலை ஏறுற ஒவ்வொரு பெடியன்ரை முகத்தையும் பாக்க வேணும். களைச்சுப்போனன்."

நவம்பரில் கொடுத்தான். ஒரு துண்டில், இந்த நாட்டு அலுவலகங்கள் பழக்கியபடியே எழுதினான்: முதலில் தகப்பன் பெயர், பிறகு தம்பியின் பெயர். இங்கே தகப்பன் பெயர்தான் எங்கள் எல்லோருக்கும் குடும்பப் பெயர். தம்பியின் பெயரோ மிக நீளம்.

அந்த ஞாயிறு பாலன் மனுசியின் கணவருடைய கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் இருந்தான். கை நீளம் போதவில்லை. பாதிரியார் அந்த ஊர்ப் பெயர்களை வாசித்துவிட்டு, துண்டைக் கண்ணருகே கொண்டுபோனார். சிறிது நேரம் பார்த்தார். நீளப் பெயரோடு மல்லுக்கட்டாமல், நல்ல மனதோடுதான், குடும்பப் பெயரை மட்டும் வாசித்தார். "இலங்கையைச் சேர்ந்த ராசையாவின் ஆன்மா சாந்தியடைய."

பாலன் என் கையைப் பிடித்தான். மெழுகுதிரி ஏற்றும்போதும் விடவில்லை. அன்றைய என் குறிப்பில் மூடுபனி இருக்கிறது, உருளைக்கிழங்கு இருக்கிறது. அவன் முகம் இல்லை.

வாசலில் மனுசிக்கு விளங்கப்படுத்தினோம். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். உயிரோடிருக்கிற மனிதர்! இப்போதே போய்த் திருத்துகிறேன் என்று உள்ளே திரும்பினாள். பாலன் அவளைத் தடுத்தான். பிறகு என்னிடம் சொன்னான்.

"திருத்திறதெண்டா அவன் செத்தவன் எண்டு நான் ரெண்டாந்தரமும் சொல்ல வேணும். என்னாலை ஏலாது. ஆனா ஊரிலை ஐயாவுக்கு ஏதும் நடந்தா?"

அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் தபால்காரரைக் கண்டால் குளியலறைக்குள் போய்விடுவான். ஊரிலிருந்து தந்தி வந்தால் நான்தான் வாங்க வேண்டும் என்று ஏற்பாடு.

தந்தி வரவில்லை. இளவேனிலில் பாலனின் ஊர்க்காரர் ஒருவர் பாசலுக்கு வந்து சேர்ந்தார். போய்ப் பார்த்தோம். பாலன் நடந்ததையெல்லாம் ஏற்கெனவே வீட்டுக்கு எழுதியிருந்தான். பதிலை ராசையா இவரிடம் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பியிருந்தார். வந்தவர் தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு, கிழவரின் குரலிலேயே சொன்னார்.

"என்ரை பேரை வாசிச்சா வாசிக்கட்டும் எண்டு சொல்லச் சொன்னவர். எவ்வளவு காலமெண்டாலும் வாசிக்கட்டுமாம். பெடியன்ரை பேரை மட்டும் வாசிக்க விட வேண்டாமாம்."

திரும்பி வரும் ரயிலில் பாலன் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. சன்னல் பக்கம் திரும்பி அழுதான்.

அப்படியே நடந்தது. ஒவ்வொரு நவம்பரிலும் ஏரிக்கரையில் ராசையா இறந்துபோனார். அளவெட்டியில் மாடு கட்டிக்கொண்டும், முகாம் வாசல்களில் நின்றுகொண்டும் இருந்தார். நெடுங்காலத்துக்குப் பிறகு உண்மையாகவே போனார், தன் கட்டிலில். அந்த ஆண்டுப் பூசைதான் முதன்முதலாகச் சரியாக இருந்தது.

மனுசி இப்போது இல்லை. விடுதியை இடித்து வீடுகள் கட்டிவிட்டார்கள். பாலன் கனடாவுக்குப் போய்விட்டான், நவம்பர் வந்தால் தொலைபேசி எடுத்து, "வாசிச்சவையோ?" என்று கேட்பான். ஓம் என்பேன். இருபத்தைந்து ஆண்டுகளும் முடிந்து பூசையும் நின்றது. அதன் பிறகும் எடுத்தான். வேறு எதையோ கதைத்தான்.

புல்வெளிக் கோயிலில் அந்த அறுநூறாண்டுப் பெயர்கள் இப்போதும் இருக்கும். தம்பியின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. இவ்வளவு எழுதிய நானும் இங்கே அதை எழுதவில்லை. கிழவர் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.