எலெனாவுக்கு இரண்டு குரல்

1. செத்துப்போன நர்ஸ்

டெல்லியில் தமிழ் டப்பிங் என்றால் பலர் சிரிப்பார்கள். ஓக்லாவில் ஒரு ஸ்டுடியோவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நான் அதைத்தான் செய்தேன். வசனம் எழுதுவதும், குரல் கொடுப்பவர்களை மைக் முன்னால் உட்காரவைத்துப் பேசவைப்பதும் என் பொறுப்பு.

ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தபோது ஒரு ஜப்பானிய அனிமே தொடர் வந்தது. பழைய காலத்து ஐரோப்பிய நகரம், காலரா, இருண்ட கல் ஆஸ்பத்திரி. அங்கே ஒரு டாக்டர் சாத்தானோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறார். ஒரு நோயாளி பிழைத்தால் இன்னொருவரின் ஆன்மா சாத்தானுக்கு. காலராவில் இறந்த எலெனா என்ற நர்ஸ் ஆவியாக வார்டுகளில் அலைந்து, சாகப்போகிறவர்கள் பக்கத்தில் உட்காருவாள்.

எலெனாவுக்குச் சரியான குரல் அமையவில்லை. வந்தவர்கள் எல்லோரும், பேய் என்றதும் மூச்சை இழுத்து இழுத்துப் பேசினார்கள். எங்கள் மயூர் விஹார் பக்கத்துத் தமிழ்த் திருப்பலியில் வாசகம் வாசிக்கும் மேரியைக் கூப்பிட்டேன். தூத்துக்குடிக்காரர். தனியார் மருத்துவமனை ஒன்றில் ஐசியூ நர்ஸ். நைட் டூட்டி முடிந்து, காலையில் அப்படியே மெட்ரோ பிடித்து வந்தார். இரண்டு வரி பேசியதுமே தேடல் முடிந்துவிட்டது.

2. ஆறாவது எபிசோட்

ஒரு தாய் தன் மகன் மார்ட்டினைத் தேடி வார்டுக்கு வருகிறாள். எலெனா அவளிடம் செய்தியைச் சொல்ல வேண்டும். "அம்மா, தங்கள் மகன் இறைவனடி சேர்ந்துவிட்டான்" என்று எழுதியிருந்தேன். மேரி ஹெட்போனைக் கழற்றினார்.

"அண்ணே, ஆஸ்பத்திரில ஒருத்தரும் இப்படிச் சொல்ல மாட்டாங்க."

"நீங்க எப்படிச் சொல்வீங்க?"

"பேசிக் காட்டவா?"

ரெக்கார்டிங்கை ஓடவிடச் சொன்னேன்.

"மார்ட்டின் போயிட்டாம்மா. நான் பக்கத்துலதான் இருந்தேன். கையைப் பிடிச்சிருந்தேன்."

அவ்வளவுதான். படத்தில் எலெனாவின் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. மேரி பேசவில்லை. அந்த வாயசைவை வெட்டிவிட்டு, தாயின் முகம் வரும் ஷாட்டை நீட்டிக்கொண்டோம். தமிழ் தெரியாத எங்கள் சவுண்ட் இன்ஜினியர் ராவத், "இன்னொரு டேக் வேண்டாம், பாய்சாப்" என்று இந்தியில் சொன்னார். தொடர் வெளியான பிறகு முனிர்காவில் அறை எடுத்துத் தங்கியிருந்த தமிழ் மாணவர்கள்வரை அந்தக் காட்சி போன் போனாகச் சுற்றியது.

3. பெரிய பெயர்

எங்கள் கன்டென்ட் ஹெட் வினய் டெல்லியிலேயே பிறந்த தமிழர். தமிழ் பேசுவார், படிக்க வராது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"அங்கிள், சீசன் டூக்கு ஒரு ஹீரோயின் ஃபிக்ஸ் ஆயிடுச்சு. முதல் சீசனையும் அவங்க வாய்ஸ்லயே மாத்தறோம். ஜல்தி முடிக்கணும்."

"மேரி?"

"நல்லாதான் பண்ணாங்க. ஆனா யாருக்கும் தெரியாத பேர். ஷெட்யூல் தள்ளிப்போச்சுன்னு சொல்லிடுங்க. அப்பறம், உங்க சர்வீஸ் எக்ஸ்டென்ஷன் பத்தியும் மேலிடத்துல பேசறேன்."

அன்று மாலை மேரிக்குப் போன் செய்து அதையே சொன்னேன்.

"சரிண்ணே, தேதி வந்ததும் சொல்லுங்க. கிறிஸ்துமஸ் லீவை இன்னொரு நர்ஸ் பிள்ளைக்கு விட்டுக்கொடுத்துட்டு, நம்ம ரெக்கார்டிங்குக்கு லீவு மாத்தி வச்சிருக்கேன்."

"பாக்கலாம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

4. ஒட்டு

நடிகை வந்தார். பந்தா இல்லாதவர். கஷ்டப்பட்டு உழைத்தார். ஆறாவது எபிசோடில், தாயிடம் செய்தி சொல்லும் இடம் மட்டும் பதினேழு டேக் போயும் சரியாக வரவில்லை. அவரே சொன்னார்: "சார், இது எனக்கு வராது. அவங்க பேசினதையே வச்சிருங்க. அவங்க பேரையும் போட்டிருங்க."

வினய் பாதியை மட்டும் ஏற்றார். "குரல் இருக்கட்டும். பேர் வேண்டாம். கான்ட்ராக்ட்படி ரெக்கார்டிங் நம்மளுது."

ராவத்தும் நானும் உட்கார்ந்து, மேரியின் குரலை நடிகையின் குரலோடு பொருந்தும்படி சற்று மாற்றி ஒட்டினோம். ஒட்டு தெரியாதபடி செய்வதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. குரல் கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலில் எலெனாவுக்கு நேரே நடிகையின் பெயர் மட்டும் இருந்தது; அதில் கையெழுத்துப் போட்டேன்.

5. திருப்பலி முடிந்து

புதிய பதிப்பு வெளியான ஞாயிற்றுக்கிழமை, கோயில் வாசலில் மேரி என்னிடம் வந்தார்.

"ஆறாவது எபிசோட்ல அந்த எடத்துல மட்டும் நான்தானேண்ணே?"

"ஆமாம்மா."

"எங்க வார்டுல தமிழ்ப் பிள்ளைங்க எல்லாரும் அந்த நடிகை எப்படிப் பேசியிருக்கா பாருன்னு சொல்லுதாங்க. நான்னு சொன்னா நம்ப மாட்டாங்க. சொல்லவும் இல்ல."

நான் வினய், கம்பெனி, கான்ட்ராக்ட் என்று வரிசையாகச் சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"வினய் யாருன்னு எனக்குத் தெரியாதுண்ணே. உங்களைத்தான் தெரியும்."

ஸ்கார்பைச் சரிசெய்துகொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.

6. அதற்குப் பிறகு

திங்கட்கிழமை மேரியின் பெயரைச் சேர்க்கச் சொல்லி மெயில் அனுப்பினேன். வெளியான பிறகு எதையும் மாற்ற முடியாது என்று பதில் வந்தது. இரண்டாவது மெயில் நான் அனுப்பவில்லை. எனக்கு ஒரு வருட எக்ஸ்டென்ஷன் கிடைத்தது. ஒரு விவசாயப் படத்துக்கு மேரியை மறுபடி கூப்பிட்டேன். "டூட்டி இருக்குண்ணே" என்றார். எந்தத் தேதி என்றுகூடக் கேட்கவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் லிப் சிங்க் பற்றித்தான் என்னிடம் கேட்கிறார்கள். அது மூன்று மாதத்தில் வந்துவிடும். உங்கள் மேஜைக்குப் பெயர்ப் பட்டியல் வரும்போது, அதில் யார் இல்லை என்று பாருங்கள். நான் பார்த்தேன். யார் இல்லை என்பது தெரிந்தது. வினய் என்னை மிரட்டவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. பேனாவை நீட்டினார், வாங்கிக்கொண்டேன்.