ஒரே தட்டில் தின்ற நாயும் பூனையும்

ஆம்பூரில் நாங்கள் வேலை பார்த்த பங்களாவில் முதலில் நாய் மட்டும்தான் இருந்தது. பூனை துரையின் கல்யாணத்தோடு வந்தது.

துரை, பதனிட்ட தோலை வாங்கிக் கப்பலேற்றும் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் ஆள். என் வீட்டுக்காரர் அவருக்குச் சமையல். பாத்திரம், துணி, வீடு பெருக்குவது எல்லாம் நான். பங்களாவின் பின்பக்கம் இருந்த ஓட்டு அறையில் எங்கள் குடித்தனம்.

நாய் நல்ல உயரம், செம்பட்டை நிறம். துரை கவுதாரி சுடப் போகும்போது கூடவே ஓடும். அவரைத் தவிர யாருக்கும் அடங்காது. துரைசானி சீமையிலிருந்து வந்து இறங்கிய அன்று கையில் ஒரு மூங்கில் கூடை இருந்தது. அதற்குள் சாம்பல் நிறப் பூனை. கூடையை வராந்தாவில் வைத்ததும் நாய் பாய்ந்து அதைக் கவிழ்த்தது. பூனை திரைச்சீலையில் ஏறிக் கத்தியது. துரைசானி அழுதுகொண்டே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இந்த நாய் இருக்கிற வீட்டில் நான் இருக்க மாட்டேன் என்று சொன்னாளாம். நாயைத் துரத்தத் துரைக்கு மனசில்லை. இரண்டையும் ஒரே தட்டில் சாப்பிட வைக்கிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தார்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டார். பின்வராந்தாவில் ஒரு பீங்கான் தட்டு நிறைய இறைச்சி. ஒரு பக்கம் தூணில் கட்டிய நாய். எதிரே பூனையைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர். நடுவில் நாற்காலி போட்டுத் துரை, மடியில் பிரம்பு. நாய் உறுமினால் அதன் மூக்கில் ஒரு அடி. பூனை சீறினால் பிடரியைப் பிடித்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி எடுப்பார். அப்புறம் மறுபடியும் தட்டு. தின்னாவிட்டால் அன்றைக்கு இரண்டுக்கும் பட்டினி.

ஒருநாள் பூனை என் வீட்டுக்காரர் கையைப் பிறாண்டிவிட்டு நழுவி ஓடியது. துரை எழுந்து பிரம்பை வீசினார். பட்டப்பகல், நான் துணி உலர்த்திக்கொண்டே பார்த்தேன். அடி என் வீட்டுக்காரரின் முன்கையில் விழுந்து தடித்துவிட்டது. அறைக்கு வந்தவர், நாய்க்கு விட்டது தவறி என் மேல் பட்டது என்றார். நாய் அப்போது தூணுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தது. நான் எண்ணெய் தடவிவிட்டேன்.

மழைக்காலம் முடிவதற்குள் இரண்டும் வழிக்கு வந்துவிட்டன. நாய் முதலில் பிரம்பு எங்கே இருக்கிறது என்று பார்க்கும், பிறகுதான் தட்டில் வாய் வைக்கும். பூனை காதை மடித்துக்கொண்டு தின்னும். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் இதைப் பார்க்கவென்றே வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கை தட்டுவார்கள். ஒருமுறை வாணியம்பாடியிலிருந்து தோல் வியாபாரம் பேச ஒரு சாயபு வந்திருந்தார். துரை அவரிடம், உங்கள் ஜனங்களும் இந்துக்களும் ஏன் அடித்துக்கொள்கிறீர்கள், என் நாயையும் பூனையையும் பாருங்கள் என்று சொல்லிச் சிரித்தார். சாயபு நாயின் மூக்கில் பிரம்படி பட்டிருந்த வெடிப்பைப் பார்த்தார். தட்டில் வைத்த கேக்கை அவர் தொடவே இல்லை.

சித்திரை வெயிலுக்குத் துரையும் துரைசானியும் மலைக்குப் போனார்கள். பங்களா எங்கள் பொறுப்பில். பிரம்பைக் காணாவிட்டால் நாய் பூனையைக் கிழித்துவிடும் என்று நாங்கள் பயந்தோம். அதனால் தனித்தனித் தட்டில், வராந்தாவின் இந்தக் கோடியிலும் அந்தக் கோடியிலும் வைத்தோம். பூனை தன் தட்டை மோந்து பார்த்துவிட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு நாயின் தட்டுக்கு நடந்தது. நாய் நகர்ந்து இடம் விட்டது. மத்தியான வெயிலில் இரண்டும் தண்ணீர்ப் பானையின் ஈரத்தில் ஒட்டிப் படுத்தன. நாயின் மூக்கு வெடிப்பைப் பூனை நக்கிக்கொண்டே இருந்தது. நாய் கண்ணை மூடிக் கிடந்தது. அடி வாங்கி அடங்கியதுதான் என்று அதுவரை நினைத்திருந்தேன். எப்போது அது வேறாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கோடையில் நாங்கள் நான்கு பேரும் நிம்மதியாக இருந்தோம்.

அதற்கு அடுத்த வருஷம் தோல் வியாபாரம் படுத்துவிட்டது. கம்பெனி துரையைத் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டது. மேசை, நாற்காலி, கட்டில் எல்லாவற்றையும் ஊரில் யார் யாரோ வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். நாயையும் பூனையையும் பற்றிப் பேச்சே இல்லை. என் வீட்டுக்காரர் தலைப்பாகையை எடுத்துவிட்டுப் போய் நின்றார். நான் கதவோரம் இருந்தேன்.

"ரெண்டையும் எங்ககிட்ட வுட்டுட்டுப் போங்க துரை. நாங்க பாத்துக்கறோம்."

துரைக்குச் சமையலறைத் தமிழ் தெரியும். "உனக்கே சோறு இல்லே. நீ பட்டினி போடும், கல் அடிக்கும். எனக்கு நாய் மேலே அன்பு இருக்கு" என்றார். அன்பு இருப்பதால் சுட்டுவிட்டுப் போவதாகச் சொன்னார்.

புறப்படுகிற காலையில் ஜட்கா வண்டி வாசலில் நின்றது. துரைசானி ஏறி உட்கார்ந்து கைக்குட்டையால் கண்ணை மூடிக்கொண்டாள். நாயைக் கட்ட வேண்டிய அவசியமே இல்லை. துரை துப்பாக்கியை எடுத்ததும் வேட்டைக்குத்தான் என்று நினைத்து அது குதித்தது, குரைத்தது, வாலை ஆட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் புங்க மரத்தடிக்கு ஓடியது. அங்கே நின்று திரும்பிப் பார்த்தது, எந்தப் பக்கம் போகலாம் என்று கேட்கிற மாதிரி. துரை சுட்டார்.

பூனையைக் கூடையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். வெடிச் சத்தத்தில் அது மூடியை முட்டித் திறந்துகொண்டு கூரை மேல் ஏறிவிட்டது. துரை ஒருமுறை சுட்டதில் ஓடு உடைந்தது, பூனை மேல் படவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பூனை இறங்கி வந்ததும் முடித்துவிடு என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். துரைசானி கைக்குட்டையை எடுக்காமலே ஏதோ கேட்டாள். இரண்டும் முடிந்ததா என்று கேட்டதாக என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார். முடிந்தது என்றார் துரை. அவள் எங்களைப் பார்த்துத் தலையசைத்து நன்றி சொன்னாள்.

நாயை மரத்தடியிலேயே புதைத்தோம். பூனை மண்ணை மோந்து மோந்து பார்த்து இரண்டு இடத்தில் தோண்டியது. அதைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் ஒரு தெருவில் குடிபோனோம்.

என் வீட்டுக்காரருக்குத் தோல் பதனிடுகிற ஷாப்பில், சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோலைத் தூக்கிப் போடுகிற வேலை கிடைத்தது. விரல் இடுக்கெல்லாம் வெந்து உரிந்தது. சோற்றை அவரால் பிசைய முடியாது. நான் பிசைந்து கொடுப்பேன். அந்தத் தெருவில் நாய்கள் ஜாஸ்தி. தோலில் சுரண்டிய சவ்வையும் கொழுப்பையும் பாலாற்றங்கரையில் கொட்டுவார்கள். அதைத் தின்று வளர்ந்தவை. ஒன்றோடொன்று கடித்துக் காது கிழிந்து திரியும். தெருப் பூனைகள் அவற்றின் சத்தம் கேட்டதுமே சுவர் மேல் ஏறிவிடும். எங்கள் பூனை வாலைத் தூக்கிக்கொண்டு அவற்றை நோக்கிப் போகும்.

முதல் தடவை ஓடிப்போய்த் தூக்கி வந்தேன். அடுத்த தடவையும். எத்தனை நாளைக்கு இப்படி முடியும்? வாசல் நிலையில் கயிறு போட்டுக் கட்டினோம். கழுத்து அறுபடுகிற மாதிரி இழுத்தது. கடைசியில் என் வீட்டுக்காரர் ஒரு வழி சொன்னார். தெருவில் நாய் போகும்போதெல்லாம் பூனையை வாசலில் நிறுத்தி அடிப்பது. நாயைக் கண்டாலே அடி என்று அதற்குப் பதிய வேண்டும். விளக்குமாற்றுக் குச்சியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பூனை அடியை வாங்கிக்கொண்டு காதை மடித்தது, அசையாமல் படுத்தது, சத்தம் போடவே இல்லை. அடி விழுந்தால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அதற்குத் தெரியும்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அன்னிக்கி பயப்படாதன்னு அடிச்சாங்க, நீங்க புடிச்சிக்கினு இருந்தீங்க. இன்னிக்கி பயப்படுன்னு அடிக்கறீங்க. அது இன்னாதாங்க பண்ணும்?" என்று கேட்டேன்.

அவர் குச்சியைக் கீழே போட்டார். பூனையைத் தூக்கி மறுபடியும் கயிற்றில் கட்டினார்.

ஒருநாள் காலையில் நான் குழாயடியில் இருந்தேன். கயிற்றை எப்படியோ உருவிக்கொண்டு பூனை தெருவுக்கு வந்திருந்தது. எதிர்ப்பக்கம் ஒரு செம்பட்டை நாய் நின்றது. துரை வீட்டு நாயைவிடக் குள்ளம், ஆனால் அதே நிறம். பூனை நேராக நடந்துபோய் அதன் தாடையின் கீழே தலையை வைத்துத் தேய்த்தது. அந்த நாய் ஒன்றும் செய்யவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது என்றுதான் எனக்குத் தோன்றியது. குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். அதற்குள் சந்திலிருந்து மற்ற நாய்கள் வந்துவிட்டன. ஒன்று வாய் வைத்ததும் செம்பட்டை நாயும் வாய் வைத்தது. பூனை நகத்தை நீட்டவே இல்லை. நான் கல்லெடுத்து அடித்து விரட்டியபோது ஒவ்வொன்றும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு ஓடின. எடுத்துப் புதைக்க என்னிடம் ஒன்றும் மிஞ்சவில்லை.

சாயங்காலம் ஷாப்பிலிருந்து வந்தவரிடம் சொன்னேன். வாசல் நிலையில் தொங்கிய கயிற்றை அவிழ்த்தார். "துரை சுட்டிருந்தா ஒரே வெடில போயிருக்கும்" என்றார். பிறகு, "நம்மகிட்ட வுட்டா நல்லா இருக்காதுன்னு அந்தாளு சொன்னது சரியாப் போச்சி பாரு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு வந்த கோபம் அவர் மேல் இல்லை. இவ்வளவையும் செய்துவிட்டுக் கடைசியில் அந்த மனிதன் சொன்னது சரி என்று இவர் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டானே என்றுதான். சோற்றைப் பிசைந்து வைத்தேன். அவர் தின்றார்.

கொஞ்ச நாளில் பங்களாவுக்கு வேறு ஒரு துரை வந்தார். சமையலுக்குப் பழைய ஆளையே கேட்டு ஜட்காக்காரரை அனுப்பினார். சுண்ணாம்பில் என் வீட்டுக்காரருடைய விரல் நகங்கள் போய்க்கொண்டிருந்தன. வயிற்றில் எனக்குக் குழந்தை. சட்டையைத் துவைத்து உலர்த்திக் கொடுத்தேன். இவர் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார்.