பீரோவில் ஒட்டிய டேப்

துணிக்கடையில் அவருக்குக் கழுகு என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அவர் படியேறினால் போதும், "கழுகு வருது" என்று மாடிக்கு மாடி தகவல் பறந்துவிடும். அவர் அங்கே மேற்பார்வையாளர். விற்பனை செய்கிறவர்கள் எதையாவது சுருட்டுகிறார்களா என்று பார்ப்பதுதான் பிழைப்பு. சரக்கு அறை அலமாரிகளின் கீழ்மூலையில் விரல்நகம் அகலத்துக்கு ஒரு துண்டு டேப்பை ரகசியமாக ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போவார். காலையில் அது பிய்ந்திருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த வித்தையால் இரண்டு பேருக்கு வேலை போயிருக்கிறது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இந்தக் கோடைக்கு மலைமேல் இருக்கும் மச்சினிச்சி வீட்டுக்குப் போவது என்று முடிவானதும் மனுஷனுக்குத் தூக்கம் போயிற்று. பேப்பரை நிறுத்தினார், பாலை நிறுத்தினார். ஜன்னல் கொக்கிகளுக்குக் கம்பி சுற்றினார். வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி தெரியட்டும் என்று வாசலில் தன் பழைய செருப்பு ஒரு ஜோடியை விட்டுவைத்தார். "ஊருக்குப் போறோம்னு போன்ல போட்டோ கீட்டோ போட்ட, தொலைச்சுடுவேன்" என்று மகளை மிரட்டினார். வீட்டில் இருந்ததோ மனைவியின் இரண்டு வளையலும் ஒரு சங்கிலியும்தான். பந்தோபஸ்து என்னவோ அரண்மனைக்குச் செய்கிற மாதிரி!

எல்லாம் சரி, பால்கனிச் செடிகளுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?

"எதிர்வீட்டு அக்கா இருக்காங்கல்ல, சாவிய அவங்ககிட்ட குடுத்தாப் போச்சு" என்றாள் மனைவி.

"செடி வாடினா வாடட்டும். சாவி நம்மகிட்டயே இருக்கட்டும்."

"அக்காகிட்ட குடுக்கறதுக்கு என்ன யோசனை உங்களுக்கு?"

எதிர்வீட்டு அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. மகள் சின்னக் குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் முற்றி வலிப்பு வந்தது. செருப்புக்கூடப் போடாமல் அவளை அள்ளித் தூக்கிக்கொண்டு ஓடியது அந்த அக்காதான். சாவி அக்கா கைக்குப் போயிற்று. ஆனால் தொழில் புத்தி சும்மா இருக்குமா? கிளம்புகிற அன்று காலை, மனைவி குளித்துக்கொண்டிருந்தபோது, பீரோக் கதவின் அடியில் ஒரு துண்டு டேப்பை ஒட்டினார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

திரும்பி வந்தபோது வீடு பளிச்சென்று இருந்தது. செடிகள் வாடவில்லை. வெயிலில் வருவார்களே என்று குடிக்கத் தண்ணீர்கூடப் பிடித்து மூடி வைக்கப்பட்டிருந்தது. அவர் அதில் ஒரு வாய் குடிக்கவில்லை. நேரே பீரோவிடம் போய்க் குனிந்தார். டேப் பிய்ந்து ஒரு பக்கமாகத் தொங்கியது.

வளையல் இருந்தது. சங்கிலி இருந்தது. ஒரு கைக்குட்டைகூடக் குறையவில்லை. அதோடு விட்டிருக்கலாம். திருடவில்லை, சரி, திறந்து பார்த்திருக்கிறாளே என்று மனம் குடைந்தது. 'பார்த்திருக்கிறாளே' என்றுதான் நினைத்தார். அத்தனை வருஷ அக்கா அந்த ஒரு நொடியில் மரியாதை இழந்துபோனார்.

சாயங்காலம் அக்கா சாவியைக் கொடுக்க வந்து உட்கார்ந்தார். மனைவி சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஊரெல்லாம் நல்லா இருந்துச்சா தம்பி? குழந்தைக்குக் குளிர் ஒத்துக்கிச்சா?"

"இருந்துச்சுக்கா." கடையில் பேசுகிற குரல் தானாகவே வந்தது. "ஒண்ணுமில்ல, சும்மா கேக்கறேன். நாங்க இல்லாதப்ப பீரோவத் திறக்கிற மாதிரி ஏதாவது தேவை வந்துச்சா?"

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. "பீரோவா? அந்த ரூமுக்கே நான் போகலையே."

"இல்ல, திறந்திருந்தாலும் தப்பில்ல. சொல்லிட்டா நல்லது."

'சொல்லிட்டா நல்லது.' சரக்கு அறையில் நிறுத்திவைத்து எத்தனையோ பேரிடம் சொன்ன அதே வார்த்தை. அக்கா சாவியை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போனார். டீயோடு வந்த மனைவி, காலியான நாற்காலியைப் பார்த்தாள்.

"அக்கா எங்க?"

அவர் சொன்னார். டேப்பைப் பற்றியும் சொன்னார், கொஞ்சம் மிடுக்காகவே. மனைவி டம்ளரை ணங்கென்று வைத்தாள்.

"அட பாவி மனுஷா! நான்தான் திறந்தேன். கிளம்பற அன்னிக்கு நீங்க கீழ வண்டிக்காரன்கிட்ட நிக்கறீங்க, நம்ம பொண்ணு ஸ்வெட்டர் எடுக்கலைன்னு ஓடி வந்தா. எடுத்துக் குடுத்துட்டுப் பூட்டினேன். வீட்டையும் கடையாக்கிட்டீங்களா? அப்ப என்னையும் சேத்துத்தான் சோதிச்சீங்களா?"

அவருக்குக் காது மடல் சுட்டது. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அவமானம் என்றால் என்னவென்று மற்றவர்கள் முகத்தில் பார்த்துப் பழகியவர், முதல்முறையாக அதைத் தானே சுமந்துகொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். நாலு எட்டுத் தூரம்தான்.

அக்கா கதவைத் திறந்தார். அழுத முகமாகத் தெரியவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

"அக்கா, மன்னிச்சிடுங்க. தப்பு என்னுதுதான். கிளம்பற அவசரத்துல இவதான் பீரோவத் திறந்திருக்கா, எனக்குத் தெரியல. இப்பத்தான் சொன்னா. உங்க மேல ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சு போச்சா தம்பி? சந்தோஷம்."

அவர் போகாமல் நின்றார். அக்கா மெதுவாகக் கேட்டார்.

"திறந்தத அவ மறந்து போயிருந்தா?"

'அப்பவும் உங்கள நம்பியிருப்பேன்க்கா' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பொய் சொல்கிறவர்களின் முகத்தைப் பார்த்தே காலம் தள்ளியவருக்கு, அந்த முகம் இப்போது தனக்கு வருவது தெரிந்தது. அந்த வார்த்தையை விழுங்கினார்.

"உங்களத்தான் நினைச்சிட்டு இருந்திருப்பேன்க்கா."

"ஆமா" என்றார் அக்கா. "நானும் அது தெரிஞ்சும், தினம் உங்க பொண்ணுகிட்ட சாப்பிட்டியான்னு கேட்டுக்கிட்டே இருந்திருப்பேன்."

அக்கா அவரைப் போகச் சொல்லவும் இல்லை, உள்ளே வரச் சொல்லவும் இல்லை.