சுகம் என்று சொன்னவரின் வழக்கு

புரொக்டரின் கிளாக்கராக இருக்கிறவனுக்கு மற்றவர்களுடைய நோவை நாலு பிரதி எழுதுவதுதான் சீவியம். புரொக்டர் என்றால் அந்த நாளில் கோட்டில் வழக்குப் பேசுகிற சட்டத்தரணி. அவர் பேசுவதற்கு வேண்டிய எல்லாவற்றையும் ஆட்களிடம் கேட்டுக் கேட்டு எழுதி வைக்கிற அப்பாவி நான். ஊராரிடம் கேள்வி கேட்டுப் படிவம் நிரப்பிப் பிழைக்கிற என் இனத்தவரே, ஆஸ்பத்திரித் துண்டு எழுதுகிறவரே, கிராமசபைக் கிளாக்கரே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கேட்டதற்கு நேரே பதில் சொல்கிற மனிதரை நாங்கள் கண்டதில்லை. ஐம்பதுகளின் கடைசியில் வவுனியாவில் நான் எழுதிய ஒரு லொறி விபத்து வழக்கைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

எருதுக்காகப் பேசியவர்

வேலாயுதம் வடமராட்சிப் பக்கத்து ஆள். பூவரசங்குளத்துக்கு அப்பால் குடியேற்றத் திட்டத்தில் மூன்று ஏக்கர் வயல் கிடைத்து, மனைவி அன்னப்பிள்ளையோடும் மூன்று பிள்ளைகளோடும் வந்து காடு வெட்டிக் குடியிருந்தார். ஒரு நாள் காலமை மில்லுக்கு நெல் ஏற்றிக்கொண்டு மன்னார் றோட்டால் வண்டில் ஓட்டிப் போகையில், மரக்குற்றி ஏற்றி வந்த லொறி பின்னால் வந்து மோதியது. ஓர் எருது அந்த இடத்திலேயே செத்தது. வண்டிலிலிருந்து விழுந்த வேலாயுதத்தின் வலது கையில் லொறிச் சில்லு ஏறியது. மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். எலும்பு ஒருமாதிரி ஒட்டியது, விரல்கள் மட்டும் மடியவில்லை.

என்ன காயம் என்று கேட்டுப் பேனையைத் திறந்தேன். எருதுக்கு எந்த விலா முறிந்தது, எந்தப் பக்கம் திரும்பி அவரைப் பார்த்தது, எவ்வளவு நேரம் மூச்சு வாங்கியது என்று ஒன்றரைப் பக்கம் சொன்னார். சொல்லும்போது கண் கலங்கியது. சரி ஐயா, உங்கள் கைக்கு என்ன என்றேன். அது பரவாயில்லை என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒன்றரைப் பக்கத்தையும் கிழித்துப் போட்டு, எருது வழக்குப் போட வரவில்லை, நீர்தான் வந்திருக்கிறீர் என்று கொஞ்சம் உரக்கச் சொன்னேன். அவர் கிழிந்த கடதாசியைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்:

“அது வாயில்லாச் சீவன், தம்பி. அதுக்கு நடந்ததை நான்தானே சொல்ல வேணும்.”

சனியன் பிடித்த கேள்வி

அடுத்த கேள்வி, விபத்துக்கு யார் காரணம் என்பது. நட்டஈட்டு வழக்கின் உயிர் அதில்தான் இருக்கிறது. வேலாயுதம் யோசிக்காமல் ஏழரைச் சனி என்றார். லொறி ஓட்டியவரில் பிழை இல்லையா, லொறியில் பிழை இல்லையா என்று எப்படித் திருப்பித் திருப்பிக் கேட்டாலும், கிரகம் சரியில்லாதபோது லொறி என்ன செய்யும் என்று எனக்கே புத்தி சொன்னார்.

அப்போதுதான் கூட வந்த அன்னப்பிள்ளை மடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினா. காணி அரசாங்கத்தின் காணி. பெர்மிட்டில் போட்ட நிபந்தனைப்படி விதைக்காமல் விட்டால் திரும்ப எடுத்துவிடுவார்கள். மாரி மழைக்கு விதைக்கிற காலபோகம் ஒன்று தரிசாகப் போய்விட்டது. இன்னொன்றும் போனால் பெர்மிட்டை ரத்துச் செய்வோம் என்று கடிதத்தில் இருந்தது. நட்டஈடு வந்தால் ஒரு சோடி மாடு வாங்கலாம், உழவுக்கும் விதைப்புக்கும் ஆள் பிடிக்கலாம். வராவிட்டால் ஐந்து சீவனும் எங்கே போவது என்று அவ கேட்கவில்லை. கடிதத்தை மடித்துத் திரும்ப மடிக்குள் வைத்துக்கொண்டா. எருதின் கதையைக் கிழித்ததற்காக வெட்கப்பட்டேன். உள்ளே போய் சனியின் விஷயத்தைப் புரொக்டர் ஐயாவிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்:

“சனீஸ்வரனில வழக்குப் போட்டு வெண்டாலும் ஒரு சதம் எடுக்கேலாது. அவருக்கு இன்சூரன்ஸ் இல்லையெண்டு சொல்லும்.”

மோர் குடித்துப் போன கனவான்

லொறி முதலாளியில் வழக்குப் போட்டு ஒரு மாதம் இருக்கும். அந்த லொறியின் இன்சூரன்ஸ் கொம்பனியிலிருந்து ஒரு கனவான் கொழும்பிலிருந்து காரில் வந்து வேலாயுதத்தின் வீட்டில் இறங்கினார். தமிழர்தான், நல்ல மனிதர். கதிரையில் இருத்தி மோர் கொடுத்தார்கள். பிள்ளைகள் படிக்கிறார்களா என்று விசாரித்தார். பிறகு, இப்போது சுகமோ என்று கேட்டார். வேலாயுதம் சுகம் என்றார். கனவான் அதை இங்கிலீசில் எழுதி ஒப்பம் கேட்டார்.

அந்தக் கடதாசியின் பிரதி எங்கள் கந்தோருக்கு, அதாவது புரொக்டர் ஐயாவின் அலுவலகத்துக்கு, வந்தபோது இரண்டு தரம் வாசித்தேன். காயம் பூரணமாகக் குணமாகிவிட்டது, வேலை செய்ய ஒரு தடையும் இல்லை என்று இங்கிலீசில் இருந்தது. சுகம் என்ற ஒரு சொல்லிலிருந்து அவ்வளவையும் பிழிந்திருந்தார். இனி வழக்கும் இல்லை, காணியும் இல்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய் வேலாயுதத்தை வாய்க்கு வந்தபடி ஏசினேன். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னார்:

“வீட்டை வந்த மனிசன் சுகமோ எண்டு கேட்டால், வேற என்ன தம்பி சொல்லுறது?”

லொறி ஓட்டியவர்

லொறி ஓட்டிய மொகைதீன் வவுனியாக்காரர். வேலாயுதம் ஆஸ்பத்திரியில் கிடந்த காலம் முழுக்கக் கிழமைக்கொருக்கால் சூப்புக் கொண்டுபோய்க் கொடுத்தவர். அவரைச் சாட்சிக்கு இழுக்கவே கூடாது, கலியாணம் கட்டிக்கொடுக்க மூன்று குமர் இருக்கிற மனிசன் என்று வேலாயுதம் எங்களிடம் கட்டளை போட்டிருந்தார். வழக்காளியின் கட்டளைக்கு மேலே கிளாக்கர் என்ன செய்ய முடியும்? சாட்சிப் பட்டியலில் அவர் பெயரை எழுதாமல் விட்டேன்.

ஆனால் மொகைதீன் தானாகவே கந்தோருக்கு வந்தார். பிறேக் சரியில்லை என்று இரண்டு தரம் முதலாளியிடம் சொன்னதையும், இந்த நடையை முடித்துவிட்டுப் பார்ப்போம் என்று முதலாளி அனுப்பியதையும் கோட்டில் சொல்லப் போகிறேன் என்றார். சொன்னால் வேலை போகும் என்று எச்சரித்தேன். அவர் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே சொன்னார்:

“லொறி இன்னொண்டு கிடைக்கும் ஐயா. அந்த அண்ணன் என்னைக் கண்டவுடனே சாப்பிட்டியோ எண்டுதான் கேக்கிறார். அதைத்தான் என்னால தாங்கேலாமல் கிடக்கு.”

கூண்டில் அன்னப்பிள்ளை

மொகைதீனின் சாட்சியத்தோடு பிழை யாரில் என்பது தீர்ந்தது. மிச்சம் இருந்தது அந்தச் சுகம். எதிர்த்தரப்பு லோயர் கடதாசியைத் தூக்கிக் காட்டி, சுகம் என்று சொன்னீரா இல்லையா என்று வேலாயுதத்தைக் கேட்டார். ஓம் ஐயா, சொன்னனான் என்றார் அவர். பொய் சொல்லத் தெரியாத மனிதரை வழக்காளியாக வைத்துப் பாருங்கள், அப்போது தெரியும் நான் பட்ட பாடு.

எனக்கும் ஒரு சின்னப் பெருமை இருக்கிறது. காணிப் பெர்மிட்டில் வேலாயுதத்தின் கையொப்பம் மணிமணியாக இருந்தது. இன்சூரன்ஸ் கடதாசியில் இருந்ததோ இடது பெருவிரல் அடையாளம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புரொக்டர் ஐயாவிடம் கொடுத்தவன் நான். எழுதத் தெரிந்த மனிதன், பூரண குணமடைந்த அன்றைக்குக் கைநாட்டு வைப்பானேன் என்று அவர் கேட்டார். நீதிபதி இரண்டையும் வாங்கிப் பார்த்தார். எதிர்த்தரப்பு லோயர் விடவில்லை. அன்னப்பிள்ளையைக் கூண்டில் வைத்து, கை நோகிறது என்று உமது புருஷன் இன்சூரன்ஸ்காரரிடம் ஒரு வார்த்தையாவது சொன்னாரா என்று கேட்டார். இல்லை என்றா. டொக்டரிடம்? கேட்டதற்கு மட்டும் சொன்னவர் என்றா. அப்படியானால் யாரிடம்தான் சொன்னார் என்று லோயர் சிரித்துக்கொண்டே கேட்டார். அவ புருஷனைப் பார்க்காமல், கூண்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னா. எந்தச் சாட்சியையும் ஒரே மூச்சில் இங்கிலீசாக்கிவிடுகிற மொழிபெயர்ப்பாளர் அன்றைக்கு அந்தப் பதிலை ஒவ்வொரு சொல்லாகத்தான் இங்கிலீசாக்கினார்.

“எனக்கே இன்னும் சொல்லேல்லை, ஐயா. ராவில கையை நெஞ்சில வைச்சுக்கொண்டு, நான் நித்திரையெண்டு நினைச்சுத்தான் அனுங்குவார்.”

தீர்ப்புக்குப் பிறகு

அந்த மாதமே தீர்ப்பு வந்தது. கேட்டது முழுக்க இல்லை, ஆனால் ஒரு சோடி மாட்டுக்கும் இரண்டு போகத்துச் செலவுக்கும் காணும். தீர்ப்பின் பிரதியோடு காணிக் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதினோம், காலபோகத்துக்கு அவகாசம் கிடைத்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தீர்ப்புச் சொன்ன அன்றைக்கு வேலாயுதம் எவ்வளவு என்று கேட்கவில்லை. காணி இனிப் போகாதுதானே என்று மூன்று தரம் கேட்டார். போகாது என்று மூன்று தரமும் சொன்னேன். எட்டு மாதமாக எங்கள் கந்தோர் வாங்குப் பலகையில் நிமிர்ந்தே இருந்த மனிதர், கோட்டு வாசல் படியில் வந்து இடுப்பொடிந்தவராகக் குந்தினார். அன்னப்பிள்ளை பக்கத்தில் இருந்தா. எனக்கு அவர்களை விட்டு நகர மனமில்லை. கடதாசிகளை அடுக்குகிற பாவனையில் நின்றேன். அவர் வலது கையைத் தூக்கி அவவின் மடியில் வைத்தார்.

“இஞ்சேரும், கை பொல்லாத நோ. பொறுக்கேலாமல் கிடக்கு.”

எட்டு மாதமாக நான் தொண்டை வற்றக் கேட்டும் கிடைக்காமல், தீர்ப்புச் சொல்லி அரை மணித்தியாலம் கழித்து வந்த அந்த ஒரேயொரு நல்ல சாட்சியத்தை எந்தக் கோட்டிலும் எடுக்கமாட்டார்கள் என்பதுதான் எங்கள் தொழிலின் இலட்சணம்.